பச்சை போன வழி

அணைக்கரைப்பட்டி காவல் நிலையத்துக்குப் பத்துக் கஞ்சாச் செடிகளும் ஒரு பெண்ணும் ஒரே ஜீப்பில் வந்து சேர்ந்தார்கள். பெண்ணை அன்று சாயங்காலத்துக்குள் ரிமாண்டு செய்து பெண்கள் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். செடிகள்தான் நிலையத்தின் பின்முற்றத்தில், பழைய பெயிண்ட் வாளிகளில், பூ பிடிக்கிற பருவத்து வாசனையோடு வரிசையாக நின்றன.

வழக்கமாக என்றால் செடியைப் பிடுங்கி, எடை போட்டு, மூட்டை கட்டி, அரக்கு வைத்து முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பெண் நீதிபதி முன்னால் அழவில்லை. அவள் பெயர் வெள்ளத்தாய். நாற்பத்தெட்டு வயது, புருஷன் இல்லாதவள், ஊருக்குக் கிழக்கே கீழக்காட்டில் ஒன்றரை ஏக்கர் உவர் நிலத்தில் கத்திரி போட்டுப் பிழைக்கிறவள். கும்பிட்ட கையைக் கீழே இறக்கிவிட்டு அவள் சொன்னாள்: "சாமி, எங் காட்டு மண்ணுல கத்திரியே மாசம் திரும்புறதுக்குள்ள காமாலை கண்ட மாதிரி ஆயிரும். இந்தச் செடியப் பாருங்க, கருகருன்னு நிக்கிது. எங் காட்டுல வளந்ததா இது? அதே மண்ணுல வச்சு ஒரு மாசம் பாருங்க, தெரிஞ்சுரும்."

நீதிபதி அந்த ஊருக்குப் புதிதாக வந்தவர், வயது குறைந்தவர், விவசாயம் அறியாதவர். அறியாததனாலேயே அந்தப் பேச்சைத் தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை. கைப்பற்றிய மண்ணோடு செடிகளை முப்பது நாள் உயிரோடு வைத்திருக்க வேண்டும், முப்பதாம் நாள் தானே நேரில் வந்து பார்ப்பேன் என்று உத்தரவு போட்டார். இன்ஸ்பெக்டர் குணபாலன் அந்த உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, தலைமைக் காவலர் ஜெயக்கொடியின் மேசைமேல் போட்டார்.

"நீதான் விவசாயக் குடும்பமாச்சே. பாத்துக்க."

ஜெயக்கொடியின் அப்பா திராட்சைத் தோட்டக்காரர். அவள் சின்ன வயதில் பந்தலுக்கு அடியிலேயே கிடந்து வளர்ந்தவள், இலையைத் திருப்பிப் பார்த்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாள். ஆனால் அன்று அவள் இலையைப் பார்க்கவில்லை, உத்தரவோடு சேர்த்துத் தைத்திருந்த கைப்பற்றல் மகஜரைத்தான் பார்த்தாள். வெள்ளத்தாய் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததை நேரில் கண்டதாகவும், கைது நடந்தபோது கூடவே இருந்ததாகவும் அதில் எழுதி, கீழே ஜெயக்கொடியின் கையெழுத்து இருந்தது. அந்தக் காலையில் அவள் ஏழு மைல் தள்ளி ஒரு தேரோட்டத்தில் பந்தோபஸ்துக்கு நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றியபோது, பெண் கைதுக்குப் பெண் போலீஸ் கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தை நீட்டினார்கள், போட்டாள். இப்படிப் பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ போட்டிருக்கிறாள்.

வெள்ளத்தாய் எதற்காகப் பிடிக்கப்பட்டாள் என்பது ஜெயக்கொடிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கீழக்காட்டு ஓடையில் மணல் அள்ளிய லாரிகள் பேரூராட்சி சேர்மன் வீரணனுடையவை. அவற்றை மறித்து நின்று, போட்டோ எடுத்து, மனு கொடுத்தவள் வெள்ளத்தாய் ஒருத்திதான்.

முதல் நான்கு நாள் செடிகள் ஜீப்பில் வந்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தன. ஐந்தாம் நாள் காலை ஜெயக்கொடி தண்ணீர்க் குடத்தோடு பின்முற்றத்துக்குப் போனபோது, நுனித் துளிர்கள் பத்தும் வெளுத்திருந்தன. அடியிலை கெடவில்லை, நுனிதான் கெட்டிருந்தது. நரம்பு மட்டும் பச்சைக் கோடு கோடாக நிற்க, நரம்புக்கு நடுவே இருந்த சதையெல்லாம் எலுமிச்சைத் தோல் நிறம்.

அதே காலையில்தான் அந்தப் பச்சை எங்கே போனது என்பதையும் அவள் கண்டாள். இலையை விட்டு வெளியேறிய பச்சை மறைந்து போகவில்லை. வாளிகளிலிருந்து வடிந்து, ஈரமில்லாமல், நிழல் படிந்த மாதிரி தரையில் படர்ந்து, ஒரு முழ அகலத்தில் சுவரோரமாகப் போய், வாசல் இரும்புக் கதவுக்கு அடியில் நுழைந்து, தெருவில் இறங்கி, மேற்கே திரும்பி நின்றிருந்தது. அவள் குனிந்து தொட்டாள். விரல் பச்சையானது. சோப்புப் போட்டாள், போகவில்லை. சரி என்று வாசல் பாராவில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை எழுதத் தொடங்கினாள், பேனா பிடித்த இடமெல்லாம் பச்சையானது.

பச்சை ஒரு நாளைக்கு ஒரு கூப்பிடு தூரம் போனது. முதல் நாள் சாக்கடைப் பாலத்தைத் தாண்டியது, மறுநாள் சலூனுக்குள் எட்டிப் பார்த்து வெள்ளைத் துணியைத் தொட்டுவிட்டுப் போனது, அதற்கும் மறுநாள் சிக்கந்தர் ராவுத்தரின் டீக்கடைக்கு அடியில் போனபோது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால் பச்சையாயிற்று. சிக்கந்தர் முதல் சட்டிப் பாலைக் கொட்டினார், இரண்டாவதையும் கொட்டினார், மூன்றாவதைக் கொட்ட மனமில்லாமல் தானே ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்துவிட்டு, "ருசி ஒண்ணும் மாறல. மனசு கேக்காதவுக கண்ண மூடிக்கிட்டுக் குடிங்க," என்றார். ரெண்டு நாளில் கண்ணை மூடுகிற பழக்கமும் போய்விட்டது.

பள்ளிவாசல் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை ஏறியது, எப்படியும் வெள்ளையடிக்க வேண்டிய வருஷம்தானே என்று விட்டுவிட்டார்கள். காளியம்மன் கோயில் வாசலில் அது நின்ற அன்று பூசாரி அதற்கும் சேர்த்தே சூடம் காட்டினார். மேலத்தெருக் கல்யாணப் பந்தலுக்குள் அது நுழைந்து மாப்பிள்ளையின் பட்டுவேட்டியைப் பச்சையாக்கியபோது பெண்வீட்டார் கொதித்து எழுந்தார்கள். பெண், "எனக்குப் பிடிச்ச கலருதான்," என்று தலை நிமிராமலே சொன்னதும் தாலி கட்டப்பட்டது. வெள்ளாடுகள் பச்சையாடுகளாகி, எது யாருடையது என்று தெரியாமல் ஆட்டுக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிரித்துக்கொண்டார்கள். பச்சை அன்றன்றைக்கு எங்கே நிற்கிறதோ அந்த இடம் டவுன் பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தமாயிற்று. "பச்சை இறங்குறவங்கல்லாம் முன்னாடி வா," என்று கண்டக்டர் சத்தம் போட, இறங்க வேண்டிய வேலை இல்லாதவர்களும் இறங்கி, ஒரு நிமிஷம் நின்று, அது கிடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

எல்லாவற்றையும் பேசினார்கள். அகலத்தைப் பேசினார்கள், வேகத்தைப் பேசினார்கள், மழை பெய்தால் கரையுமா என்று பேசினார்கள். திசையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பத்து நாள் அப்படியே போனது. பச்சை புறப்பட்ட பதினோராம் நாள், டீ வாங்க வந்த ஜெயக்கொடியிடம் கிளாஸைக் கொடுத்தபடி, வேறெதையோ கேட்கிற மாதிரி சிக்கந்தர் கேட்டார்.

"ஏட்டம்மா, கீழக்காடு கெழக்கயில்ல இருக்கு?"

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் கிளாஸுக்குள் பார்த்தார்கள். ஜெயக்கொடி மேற்கே பார்த்தாள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் நரிமூக்கு மலை நீலமாக நின்றது. அந்த மலையடிவாரத்தில் இரும்புக் கதவு போட்ட எஸ்டேட் ஒன்றுதான் உண்டு. அது சேர்மன் வீரணனுடையது.

அவள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தாள்.

குணபாலனுக்கும் திசை தெரிந்திருந்தது. பேரூராட்சி ஆட்களை வைத்து பிளீச்சிங் பவுடர் போட்டார், பவுடர் பச்சையாயிற்று. சாலைக்காரர்களிடம் சொல்லித் தார் ஊற்றினார், தார் ஆறுவதற்குள் அதுவும் பச்சையாயிற்று. பிறகுதான் அவர் பின்முற்றத்துக்கே வந்து வாளிகளைப் பார்த்தார். இலைகள் மேலிருந்து கீழாக மூன்றில் இரண்டு பங்கு வெளுத்திருந்தன. பூக்காம்புகள் மட்டும் பிசுபிசுப்பாகத் திரண்டுகொண்டிருந்தன.

"என்ன ஜெயக்கொடி, சாகுதா இது?"

"சாகலைங்கய்யா. சோகை."

"யூரியா போடு."

போட்டாள். இன்னும் வெளுத்தது. யூரியாப் பஞ்சம் என்றால் அடியிலை முதலில் பழுக்கும், இது நுனியில் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டாள். தண்ணீர் கூடிவிட்டதோ என்று ரெண்டு நாள் நிறுத்திப் பார்த்தாள், அதுவும் இல்லை. வாளி விளிம்பில் உப்புப் பூத்து வெள்ளை வளையமாக நின்றது. நிலையத்துப் போர்த் தண்ணீரும் உப்பு, வாளி மண்ணும் உவர். எரிகிற மண்ணுக்கு எரிகிற தண்ணீர். அப்பா இருந்திருந்தால் இலையைப் பார்த்ததுமே இது இரும்புப் பஞ்சம், அன்னபேதி உப்பு கொண்டு வா என்றிருப்பார்.

இருபதாம் நாள் உரக்கடையில் ஒரு பொட்டலம் அன்னபேதி வாங்கினாள். ஒரு குடம் நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிழிந்து, கோழி இறகால் தொட்டு, ஒரே ஒரு இலையில், அதிலும் பாதி இலையில் மட்டும் தடவினாள். மறுநாள் காலை அந்தப் பாதி கரும்பச்சையாக இருந்தது, மறுபாதி மஞ்சளாகவே இருந்தது.

அதே நேரத்தில் மூன்று மைலுக்கு அப்பால், சாலையில் கிடந்த பச்சை ஒரு சாண் பின்னால் வந்திருந்தது.

அதைப் பார்த்தவர்கள் பஸ் ஏறி வந்தார்கள். நிலையத்து வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். கோஷம் இல்லை, கேள்வி இல்லை. நின்றார்கள், ஜெயக்கொடியின் கையில் இருந்த கோழி இறகைப் பார்த்தார்கள், சாப்பாட்டு நேரம் வந்ததும் கலைந்து போனார்கள். அடித்து விரட்ட வேண்டிய கூட்டத்தையெல்லாம் பார்த்தவள் அவள். இந்தக் கூட்டத்தின் முன்னால் அவள் கோழி இறகை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

குணபாலன் பாதிப் பச்சை இலையைக் கிள்ளி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார்.

"பத்துக்கும் ஊத்து. முப்பதாம் நாள் கேசு போட்டோவுல இருக்க மாதிரியே நிக்கணும். அந்தப் பொம்பள சொன்னது பொய்யின்னு ஆகணும், ரோட்டுல கெடக்குற கருமமும் வீடு வந்து சேரணும்."

"ஒரே நேரத்துல ஊத்துனா வேர் கருகிரும்ங்கய்யா. கொஞ்சங் கொஞ்சமாத்தான்…"

"ஜெயக்கொடி." அவர் குரலை உயர்த்தவில்லை. "எஸ்.எஸ்.ஐ. புரமோஷன் லிஸ்ட்டு என் மேசையிலதான் இருக்கு. நீ போட்ட கையெழுத்தும் என் மேசையிலதான் இருக்கு."

மறுநாள் அவளுக்கு வார ஓய்வு. சேலை கட்டிக்கொண்டு கிளைச் சிறைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தாய் வந்து நின்றாள். அவளுக்கு இவள் முகம் பிடிபடச் சற்று நேரமானது.

"யூனிபாரம் இல்லாம அடையாளம் தெரியல. கையெழுத்துப் போட்டவுகதானே?"

"ஆமா."

"எதுக்கு வந்தீக?"

ஜெயக்கொடி செடி வெளுத்ததைச் சொன்னாள், பச்சை நடப்பதைச் சொன்னாள், அது மேற்கே போவதையும் சொன்னாள். வெள்ளத்தாய் ஆச்சரியப்படவில்லை. "அது வந்த ஊருக்குப் போகுது," என்றாள், ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல. பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை அருகில் கொண்டுவந்தாள்.

"என்னைய நீங்க காட்டுல பாத்தீகளா?"

"இல்ல."

"அந்தச் செடிய?"

"ஜீப்ல இருந்து எறக்குறப்பதான் பாத்தேன்."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீக? எனக்குத்தான் அது தெரியுமே." கையை எடுத்துக்கொண்டாள். "கேக்க வேண்டியவுககிட்டச் சொல்லுங்க."

திரும்பி வரும் வழியில் ஜெயக்கொடி நிலையத்துக்குப் போனாள். பாரா போலீஸ்காரன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வாளிக்குள் கையை விட்டு வேரோடு ஒட்டிய மண்ணில் ஒரு கைப்பிடியும், வாளி ஓரத்து மண்ணில் ஒரு கைப்பிடியும் எடுத்து, தனித்தனியாகப் பொட்டலம் கட்டினாள். பக்கத்து டவுனில் மண் பரிசோதனை நிலையம் இருந்தது. அங்கே இருந்த அம்மாள் ரெண்டு பொட்டலத்தையும் கரைத்துப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"ரெண்டும் ஒரே வாளியா?"

"ஒரே செடி மேடம்."

"ஓரத்து மண்ணு பி.எச். எட்டே முக்கால். சரியான கார மண்ணு. இரும்புச்சத்து இருக்கு, ஆனா செடியால எடுக்க முடியாது. வட்டல் நிறையச் சோறு இருந்தும் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி. வேர்ல இருக்குறது அஞ்சரை. மலை மண்ணு, புளிப்பு. இந்தச் செடி அங்க வளந்து, பெறகு இங்க வந்திருக்கு. வந்து ஒரு மாசம்கூட இருக்காது."

"எழுதித் தருவீங்களா?"

"பரிசோதிச்சா எழுதித்தானே தரணும்," என்றாள் அந்த அம்மாள், சீல் குத்திக்கொண்டே.

அந்தக் காகிதத்தை ஜெயக்கொடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் வேலை பார்த்தாள். ஐந்து நாளும் இன்ஸ்பெக்டரிடம், வேர் தாங்காது, மெல்லத்தான் விடணும் என்று சொல்லிச் சொல்லி, ஒரு சொட்டும் விடாமல் கடத்தினாள். பச்சை தினமும் ஒரு கூப்பிடு தூரம் போனது. சேர்மனின் ஆட்கள் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து சாலைக்குக் குறுக்கே ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். பச்சை ஒரு நாள் முழுக்கப் பள்ளத்துக்குள் கிடந்துவிட்டு மறுநாள் அந்தக் கரையில் ஏறியது. எஸ்டேட் இரும்புக் கதவுக்கு இன்னும் ரெண்டு கூப்பிடு தூரம். ஊர்ச் சனம் சோற்றைக் கட்டிக்கொண்டு போய் புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தது. சேர்மன் வீரணன் கதவுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டாம் நாள் காலை குணபாலன் ரெண்டு வாளி தண்ணீரும் ஒரு மூட்டை அன்னபேதியும் வைத்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என் கண்ணு முன்னால ஊத்து."

ஜெயக்கொடி கரைத்தாள். தண்ணீர் வெளிறிய நீலப்பச்சையாக மாறியது. வாளியைத் தூக்கினாள். பத்துச் செடிகளும் பூவும் நரம்புமாக, இலையில் உயிர் இல்லாமல், நெடுநாள் காய்ச்சலில் கிடந்தவர்கள் போல நின்றன. அவளுக்கு அவற்றின்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. எந்தச் செடி மஞ்சளாகி நின்றாலும் அவளால் பொறுக்க முடியாது. இருந்தும் அவள் வாளியைச் சாய்த்தது தரையில். தண்ணீர் சிமெண்டில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது.

"என்ன பண்ற?"

"ஊத்த மாட்டேன்யா."

"செடி செத்தா கோர்ட்டு உன்னையத்தான் கேக்கும்."

"கேக்கட்டும்யா. அதுக்காகத்தான்."

குணபாலன் எழுந்தார். ஒன்றும் திட்டவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மற்ற வாளியில் மூட்டையில் பாதியைக் கொட்டிக் கலக்கி, பத்துச் செடிக்கும் தானே தலையோடு ஊற்றினார். பிறகு ஜெயக்கொடியை வாசல் பாராவுக்கு மாற்றிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மறுநாள், இருபத்தொன்பதாம் நாள், மதியம் மூன்று மணிக்குப் பச்சை திரும்பி வந்தது. இரும்புக் கதவைத் தொட நாலடி இருந்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். தொட்டுவிடும் என்று எல்லோரும் எழுந்து நின்ற நேரத்தில் அது சுருண்டு, தலை திரும்பி, வந்த வழியே ஓடத் தொடங்கியது. இத்தனை நாள் ஒரு நாளைக்கு ஒரு கூப்பிடு தூரம் போனது, இப்போது ஓடுகிற ஆள் வேகத்தில் வந்தது. சனம் அதன் பின்னாலேயே ஓடி வந்தது. அது கடந்து வந்த இடமெல்லாம் பழையபடி ஆயிற்று. ஆடுகள் வெளுத்தன, பள்ளிவாசல் சுவர் வெளுத்தது, புது மாப்பிள்ளையின் வேட்டி கொடியில் காய்ந்தபடியே வெளுத்தது, சிக்கந்தரின் பால் பொங்குகிறபோதே வெள்ளையாயிற்று. கடைசியாக அது வாசலில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடியின் விரல்களிலிருந்தும் தன்னை உருவிக்கொண்டு, கதவுக்கு அடியில் நுழைந்து, பின்முற்றத்துக்குப் போய், இலைகளில் ஏறிவிட்டது.

ஓடி வந்தவர்கள் மூச்சு வாங்க நின்றார்கள். சாலையில் ஒன்றும் இல்லை, சுவரில் ஒன்றும் இல்லை, காட்டுவதற்கு ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. சிக்கந்தர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனி நாமதான் ஏட்டம்மா," என்றார்.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நீதிபதி வந்தார். கிழக்குச் சாலையில் காரில் வந்தவர், தெருவில் நிறைந்து நின்ற கூட்டத்தை மட்டும் புருவம் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பின்முற்றத்தில் பத்துச் செடிகளும் கரும்பச்சையாக, பூவும் வாசனையுமாக, போட்டோவில் இருந்ததைவிடச் செழிப்பாக நின்றன. குணபாலன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் நீதிபதி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. "அந்த அம்மா தன்னோட மண்ணுல இது நிக்காதுன்னு சொன்னாங்க. அதே மண்ணுதானே?"

"அதே மண்ணுதான் சார்."

"ஐயா." ஜெயக்கொடி பாராவை விட்டு வந்து நின்றாள். தொப்பிக்குள் வியர்வை இறங்கியது. "அதே மண்ணு இல்லைங்கய்யா."

"ஏட்டம்மாவுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல சார்…" என்று குறுக்கிட்டார் குணபாலன்.

"அவங்க பேசட்டும்," என்றார் நீதிபதி.

அவள் முதல் வாளியின் பக்கத்தில் மண்டியிட்டு, அதைச் சாய்த்து, அடியில் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டி, செடியை மண்ணோடு உருவி எடுத்தாள். வெளியே கறுத்து வெடித்த கீழக்காட்டு மண். அதை விரலால் உதிர்த்தாள். உள்ளே, வேர்கள் இறுகப் பிடித்திருந்த இடத்தில், ஒரு தேங்காய் அளவுக்குச் சிவப்பாகச் செம்மண் இருந்தது. இரண்டாவது வாளியையும் தட்டினாள், அதற்குள்ளும் சிவப்பு. மூன்றாவதற்கு அவள் கை போனபோது குணபாலன் ஒரு அடி முன்னால் வந்தார். நீதிபதி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் நின்றுகொண்டார்.

ஜெயக்கொடி சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். வியர்வையில் நனைந்து மடிப்பு கிழிந்திருந்தது. "செடி மலையில வளந்ததுங்கய்யா. கொண்டாந்து அந்தம்மா காட்டுல நட்டுப் படம் எடுத்திருக்காங்க. அஞ்சு நாள்ல எலை வெளுத்துருச்சு. முந்தாநாள் அன்னபேதி ஊத்திப் பச்சையாக்கியிருக்கு. அடியிலை ஓரத்தப் பாருங்க, மருந்து கூடிப்போய்க் கருகியிருக்கும்."

நீதிபதி குனிந்து பார்த்தார். ஓரம் கருகித்தான் இருந்தது. அவர் காகிதத்தைப் படித்தார், பிறகு கையில் இருந்த கோப்பைப் புரட்டினார்.

"மகஜர்ல நீங்க நேர்ல பாத்ததா எழுதியிருக்கே. இந்தக் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்ப?"

"பொய்யிங்கய்யா. நான் அன்னைக்கு அங்க இல்ல." குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பொய்க் கையெழுத்து."

தெருவில் இருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் போல உள்ளே வந்தார்கள். நாங்களும் பார்த்தோம் என்றார் சிக்கந்தர். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார் நீதிபதி. "எலையில இருந்த பச்சை எறங்கி மேக்க போச்சுங்க. சேர்மன் எஸ்டேட்டு கேட்டு வரைக்கும் போச்சு. நேத்துத்தான் திரும்புச்சு." மாப்பிள்ளை தன் வேட்டியைச் சொன்னான், ஆட்டுக்காரர்கள் ஆடுகளைச் சொன்னார்கள், கண்டக்டர் எந்தெந்த நாள் எங்கெங்கே ஆள் இறக்கினேன் என்று ஒப்பித்தார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு நீதிபதியின் முகத்தைப் பார்த்தார். நீதிபதி குனிந்து செம்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"பாத்தவங்க சொல்றாங்க. எழுதுங்க," என்றார்.

அந்த வாரமே வெள்ளத்தாய் வெளியே வந்தாள். குணபாலனும் ஜெயக்கொடியும் ஒரே நாளில், ஒரே காகிதத்தில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், குணபாலன்மேல் வழக்கும் பதிவானது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகள் மலையடிவாரத்து எஸ்டேட்டுக்குள் போனபோது அங்கே புதிதாக உழுது போட்ட செம்மண் மட்டுமே இருந்தது. சேர்மன் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். செடிகளைக் கோர்ட் உத்தரவுப்படி குழி தோண்டி எரித்தார்கள். ஊரில் எல்லோரும் வெள்ளைப் பாலில் டீ குடித்தார்கள், சிலருக்கு அது கொஞ்ச நாள் சப்பென்று இருந்தது.

ஜெயக்கொடி ஒரு நாள் காலை கீழக்காட்டுக்கு நடந்து போனாள். கத்திரி முழுவதும் காய்ந்து குச்சியாக நின்றது. வெள்ளத்தாய் குச்சிகளைப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் கை நிற்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றாள் ஜெயக்கொடி.

"கேக்காதீக." இன்னொரு குச்சி வரப்பில் விழுந்தது. "முப்பது நாள் நான் அங்க முழிச்சுக் கெடந்தேன். இப்ப நான் மன்னிச்சுட்டா உங்களுக்குத் தூக்கம் வந்துரும்."

ஜெயக்கொடி நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடைப் பக்கம் லாரிச் சத்தம் எதுவும் இல்லை. வெள்ளத்தாய் அந்த வரிசையை முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர் கேசு அடுத்த வாய்தா எப்ப?"

"பதினாறாம் தேதி."

"வந்து சொல்லுவீகளா? மலையில இருந்து ஆள் வருவாங்க, வீட்டு வாசல்ல நிப்பாங்க. போன் வரும்."

"ரெண்டு தடவை வந்துருச்சு."

"அப்பிடியும் வருவீகளா?"

"வருவேன்."

வெள்ளத்தாய் தலையை ஆட்டினாள். அது நம்பிக்கையா, சும்மா கேட்டுக்கொண்டதா என்று சொல்ல முடியாது. அடுத்த வரிசைக்குப் போய்க் குனிந்தாள்.

"கோர்ட்டுக்குப் பஸ்ஸு எட்டரைக்கு," என்றாள், நிமிராமலே. "ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிருவோம்."